அம்மா நடந்து பார்த்த பிளான்

எங்கள் புது வீட்டின் பிளான் போன வாரம் மறுபடியும் மாறி, ஏழாவது பிளான் ஆனது. இனி மாறாது என்று நினைக்கிறேன். அண்ணனும் அதையே சொல்கிறார். தம்பிதான் இன்னும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. முதல் பிளானுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் எட்டு மாதம் ஓடிவிட்டது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து பணம் திரட்டி, சொந்த நிலத்தில் வீடு கட்ட நினைக்கும் யாருக்காவது பயன்படும் என்றுதான் இந்த எட்டு மாதக் கதையை எழுதுகிறேன்.

நிலம் புக்கிட் ரோத்தான் பக்கம் இருக்கிறது. 60க்கு 90 அடி. சடக்கு மேற்கே. முன்னால் 20 அடியும் மற்ற மூன்று பக்கமும் 10 அடியும் விட்டால் கட்டுவதற்கு 40க்கு 60 கிடைக்கிறது. மாடி வேண்டாம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது, கைத்தடியோடு மெதுவாக நடக்கிறார். அம்மா இருபத்தெட்டு வருடம் பால்மரம் வெட்டி, அதற்குப் பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கியவர். அவருடைய முட்டி படி ஏறச் சம்மதிக்காது.

முதல் பிளானை நாங்கள் மூன்று பேரும் கேட்டபடியே வரைவாளர் வரைந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. வாசலில் நுழைந்ததும் பெரிய ஹால், ஓரத்தில் டிரை கிச்சன், அதற்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் வெட் கிச்சன். அறைகள் நான்கு. சடக்குப் பக்கம் அண்ணனுக்கும் தம்பிக்கும் பெரிய அறைகள், பின்பக்கம் எனக்கு ஒன்று, அமைதியாக இருக்கட்டும் என்று கடைசி மூலையில் அம்மா அப்பாவுக்கு ஒன்று. தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அண்ணி அதைக் கைப்பேசியில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினார்.

அம்மாவிடம் காட்டினோம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். அந்த "நல்லா இருக்கு" எனக்கு மனதில் தைத்தது. கிராணி சம்பளச் சீட்டை நீட்டியபோதும், பள்ளிக்கூடத்தில் என் மதிப்பெண் அட்டையை நீட்டியபோதும் அம்மா சொன்னது அதே வார்த்தை, அதே குரல். படிக்க முடியாத தாளை யார் நீட்டினாலும் அவர் கொடுக்கும் பதில் அது.

தரையில் போட்டுப் பார்க்கும் யோசனை தம்பியுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிலத்துக்கே போனோம். புல் ஏற்கெனவே வெட்டியிருந்தது. மூங்கில் குச்சிகள், இரண்டு உருண்டை ராஃபியா கயிறு, 50 மீட்டர் அளவு நாடா, ஒரு பை சுண்ணாம்புத் தூள். பிளானில் உள்ள ஒவ்வொரு சுவரையும் அதே அளவில் தரையில் கயிறாக இழுத்துக் கட்டினோம். கதவு வரும் இடத்தில் கயிற்றை விட்டுவிட்டுச் சுண்ணாம்பால் கோடு போட்டோம். கட்டிலுக்குப் பதிலாகப் பாய் விரித்தோம். அடுப்பு வரும் இடத்தில் அம்மா கொண்டுவந்த தேநீர்ச் சட்டியையே வைத்தோம். கட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. வீடு கட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கட்டாயமான ஆலோசனை இதுதான்: குழி வெட்டுவதற்கு முன்னால் கயிறு கட்டிப் பாருங்கள். வரைவாளர் மில்லிமீட்டரில் பேசுவார், கொத்தனார் அடியில் பேசுவார், நம் வீட்டுப் பெரியவர்கள் எட்டு வைத்துத்தான் அளப்பார்கள். மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் தரை மட்டும்தான்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர்கள் அறைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தார், எழுந்தார், கழிவறைக்கு நடந்தார். வாயால் எண்ணிக்கொண்டே நடந்தார். இருபத்து மூன்று எட்டு, இரண்டு திருப்பம். "ராத்திரி மூணு மணிக்கு ஒங்கப்பாவ இவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிட்டுப் போகணுமா?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. பிறகு வெட் கிச்சனுக்குப் போய் அடுப்பின் முன்னால் நின்றார். திரும்பி வாசலைப் பார்த்தார். சுவர் வரவேண்டிய இடத்தில் இருந்த கயிற்றைக் கையால் தொட்டு, "இது சுவரா?" என்றார். ஆமாம் என்றோம். "அப்ப இங்க நின்னா கேட்டுக்கிட்ட யாரு வர்றாங்கன்னு தெரியாதே."

எங்கள் லயத்து வீட்டை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் எடை புரியும். பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் பெயர் மாற்றப்பட்ட பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஆறு கதவு லயத்தில் நாங்கள் இருந்தோம். முன்னால் அஞ்சடி என்கிற வராந்தா, பிறகு ஒரு ஹால், ஓர் அறை, பின்னால் அடுப்படி. பின்கதவையும் முன்கதவையும் திறந்து வைத்தால் அடுப்படியிலிருந்து சடக்கு வரைக்கும் ஒரே கோடாகத் தெரியும். நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போகும் முன் சோறாக்கும்போது, யார் வீட்டில் விளக்கு எரிகிறது, யார் இன்று வேலைக்கு வரவில்லை, யார் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாமே அந்தக் கோட்டின் வழியாக அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அறை போதாது, கழிவறை வெளியே, மழைக்காலத்தில் ஒழுகும். அந்த வீட்டை நான் புகழ வரவில்லை. ஆனால் அதில் சமைக்கும் பெண் யாருடைய முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றதில்லை.

அன்று மாலை முழுவதும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வட்டாரத்தில் நம் ஆட்கள் வாழ்ந்த வீடுகளின் பிளானை யார் போட்டார்கள்? சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ஆன்ரி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் தோட்டம் போட்டார். 1905இல் மலாயாவுக்கு வந்தவர். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அவர் முயற்சியில்தான் உருவானது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். நம் வாயில் இருந்து போன பெயர்! பின்னாளில் அவர் எழுதிய 'மலேசியா' என்ற நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. அதில் பனைகளின் இல்லம் என்று ஒரு வீடு வரும். ரந்தாவ் பாஞ்சாங் மேட்டில் தனக்கென்று அவர் அமைத்துக்கொண்ட வீட்டின் பெயரும் அதுதான். எந்த மேட்டில், எந்தப் பக்கம் பார்த்து, காற்று எப்படி வரவேண்டும் என்று துரைகள் தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீர்மானித்தார்கள். மேட்டுக்குக் கீழே இருந்த லயத்தையும் அவர்களேதான் தீர்மானித்தார்கள்.

பிறகு சட்டம் வந்தது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வைத்து 1966இல் ஒரு சட்டம், அதற்குப் பதிலாக 1990இல் இன்னொன்று. நல்லதுதான். ஆனாலும் அதிகாரியும் நிர்வாகமும்தான் பேசிக்கொண்டார்கள். தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் வெளியேறியபோது தாமான் வீடு கிடைத்தது, அதன் பிளானை மேம்பாட்டாளர் போட்டிருந்தார். உலு சிலாங்கூர் பக்கம் மேரி, மிஞ்ஞாக், நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி என்ற ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்களை இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். வீடு வேண்டும் என்று கேட்பதிலேயே அங்கே ஒரு தலைமுறை கழிந்தது. வீடு கிடைக்குமா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அடுப்படி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்க யாருக்கு வாய் வரும்? எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையில் முதன்முறையாக அம்மாவிடம்தான் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. முதல் பிளானில் நாங்களும் கேட்காமல் விட்டுவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாவது பிளானில் இருந்து அம்மாதான் தலைமை. டிரை கிச்சன் போனது. ஒரே அடுப்படி, 12க்கு 14 அடி. அண்ணனின் நண்பர் ஒருவர் வாஸ்து பார்த்து, அக்னி மூலையாகிய தென்கிழக்கில்தான் அடுப்பு இருக்கவேண்டும் என்றார். அம்மா, "மூல அங்கயே இருக்கட்டும், சுவத்த மட்டும் எடுங்க" என்றார். அடுப்படிக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் இப்போது இடுப்பு உயரச் சுவர்தான். அதற்கு நேர் கோட்டில் முன்வாசல் கதவு, கதவுக்கு நேரே கேட்டு. கருவாடு பொரித்தால் ஹால் முழுவதும் மணக்கும் என்று அண்ணி பயந்தார். நியாயமான பயம். அதற்காகக் கிழக்குச் சுவரில் மேலும் கீழும் லூவர்ஸ் வைத்திருக்கிறோம். 1984ஆம் ஆண்டு கட்டட விதிகள், வாழும் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு ஜன்னல் இருக்கவேண்டும், அதில் காற்றுக்குத் திறக்கும் பகுதி 5 விழுக்காடாவது வேண்டும் என்கின்றன. எங்கள் அடுப்படியில் திறப்பு மட்டுமே அதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

அப்பா அறை கடைசி மூலையில் இருந்து முன்பக்கம் வந்தது. இதில்தான் தம்பிக்கு மனம் நொந்தது, ஏனென்றால் அது அவன் அறை இருந்த இடம். அவனுடைய 13க்கு 14 அடி, பின்னால் போய் 10க்கு 11 ஆனது. விதிப்படி இரண்டாவது அறைக்கு 9.3 சதுர மீட்டர் போதும், அதாவது ஏறக்குறைய 100 சதுர அடி. "விதி போதும்னா எனக்குப் போதுமா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த வாரம் அவனே பென்சிலோடு வந்தான். அலமாரியைச் சுவருக்குள் பதித்து, கதவை இடப்பக்கம் திருப்பி, அந்த 110 சதுர அடிக்குள் கட்டிலும் மேசையும் தாராளமாக வைத்துக் காட்டினான். அதற்காக நான் அவனை எவ்வளவு நேசிக்கிறேன் என்று இங்கேதான் எழுத முடியும்.

அப்பா அறையோடு சேர்ந்த குளியலறைக்கு நான் நிறையப் படித்தேன். கழிவறையும் குளிக்கும் இடமும் சேர்ந்திருந்தால் 2 சதுர மீட்டர் போதும் என்று விதி அனுமதிக்கிறது. அதில் ஒரு ஆள் நிற்கலாம். அப்பாவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஆள் நிற்க முடியாது. நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தால் அது திரும்புவதற்கு 1.5 மீட்டர் விட்டம் வேண்டும். அதனால் 6க்கு 8 அடி போட்டோம். கதவு 3 அடிக்குமேல் அகலம், நகர்த்தும் கதவு. உள்ளே யாராவது விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே அடைத்துக்கொள்ளும். எங்கள் தாமான் வீட்டில் அப்பா முதல்முறை விழுந்த அன்று எங்களுக்கு அதுதான் நடந்தது, கதவை உடைத்துத்தான் உள்ளே போனோம். இன்னொன்று, குளியலறை வாசலில் வழக்கமாக விடும் இரண்டு அங்குலப் பள்ளம் இல்லை. தரையைச் சரிவாக விட்டு, தண்ணீர் போகும் வாய்க்கால் எதிர்ச்சுவர் ஓரம். இதை டைல்ஸ் போடும் நாளில் சொன்னால் முடியாது, பிளானிலேயே தரை மட்டம் குறித்திருக்கவேண்டும். கட்டிலில் இருந்து இப்போது ஆறு எட்டு.

ஆனால் முன்பக்கம் என்றால் மேற்கு, மேற்கு என்றால் சாயங்கால வெயில். கோல சிலாங்கூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகையும் கொஞ்சமும்தான். ஜூன் மாதத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே நிற்கும். அதனால் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இருப்பதுபோல வடக்கு எப்போதும் குளிர்ச்சி என்று நம்பிவிடக்கூடாது. இங்கே வருடம் முழுவதும் சுடும் சுவர் மேற்குதான். விடியற்காலையில் கடல் பக்கமிருந்து வீசும் சுமத்ராக் காற்றும் மழையும் அடிப்பதும் அதே சுவரில். தீர்வை அப்பா சொன்னார். பேச்சு இப்போது கொஞ்சம் குழறும், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே காத்திருக்கவேண்டும். "அஞ்சடி... போடுங்க" என்றார்.

அஞ்சடி என்றால் ஐந்து அடிதான், ஆனால் நாங்கள் எட்டு அடி போட்டோம், வீட்டின் 40 அடி அகலத்துக்கும். ஹாலைக் குறைத்துத்தான் இதை எடுத்தோம். ஓரத்தில் சிமெந்துத் திண்ணை, ஒன்றரை அடி உயரம். தூணுக்குத் தூண் மூங்கில் தட்டி, மூன்று மணிக்கு மேல் இறக்கிவிடலாம். திருவிழா, பெயர் வைக்கும் சடங்கு, சாவு என்று எதுவானாலும் ஐம்பது பேர் உட்கார இனி ஹாலை நம்பவேண்டியதில்லை. சாவு என்று எழுதக் கை தயங்கியது, ஆனால் அதையும் அப்பாதான் கேட்டார். ஹால் கதவு எத்தனை அடி, பெட்டியைத் திருப்பாமல் கொண்டுபோக முடியுமா என்று. இரட்டைக் கதவு, ஐந்து அடி. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். நான்தான் அளவைச் சொன்னேன்.

இந்த அஞ்சடியையும் அடுப்படியையும் இப்போதே பிளானில் சேர்த்ததற்கு மண்ணும் காரணம். பணம் குறைவாக இருந்தால் முதலில் நடுவீட்டைக் கட்டிவிட்டு, போர்ச்சையும் அடுப்படியையும் பிறகு இழுத்துக்கொள்ளலாம் என்பார்கள். எங்கள் அத்தை அப்படிச் செய்தார். மூன்றே வருடத்தில் அடுப்படி வீட்டை விட்டுத் தனியாகக் கழன்று, சந்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விழுந்தது. காரணம் எளிது. இந்தக் கரையோரச் சமவெளி முழுக்கக் கடல் படிய வைத்த களிமண், மெத்தைபோல் இருக்கும். பழைய வீடு பைலிங் மேல் நிற்கிறது, அசையாது. புதிதாக இழுத்த பகுதி வெறும் மண்மேல் போட்ட சிலாப், அது வருடா வருடம் அமுங்கும். ஒன்று நிற்க மற்றது இறங்கினால் நடுவில் கிழியாமல் என்ன செய்யும்? சிமெந்து பூசினால் ஆறு மாதத்தில் மறுபடியும் வாய் பிளக்கும். எங்கள் எஞ்சினியர் மெக்கின்டோஷ் சோதனை செய்து மண்ணைப் பார்த்த பிறகு, அஞ்சடித் தூண்களுக்கும் அடுப்படிக்கும் சேர்த்தே பைல் குறித்துக் கொடுத்திருக்கிறார். செலவு கூடியது. அதற்காகக் கூரைக்கு நினைத்திருந்த விலை உயர்ந்த ஓட்டை விட்டுவிட்டோம். தரைக்குக் கீழே போகும் பணம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அங்கேதான் முதலில் கை வைக்கத் தோன்றும், தயவுசெய்து வைக்காதீர்கள்.

தரை மட்டத்தையும் சடக்கைவிட இரண்டடி உயர்த்தினோம். 2021 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. அதற்காகப் படி கட்டினால் அப்பாவுக்கு ஆகாது, சரிவுப் பாதை வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு, ஆகவே 24 அடி. கேட்டிலிருந்து நேராக விட இடமில்லாததால், அஞ்சடியின் ஓரமாக ஒரு திருப்பம் திருப்பி ஏற்றியிருக்கிறோம். ஆறாவது பிளான் முழுவதும் இந்தச் சரிவுக்காகவே செலவானது. சாமி அறை சின்னது, கிழக்குப் பார்த்தது, குளியலறைச் சுவரோடு ஒட்டாதது, இதில் யாருக்கும் சண்டையில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் நான் பிடிவாதமாக இடம் கேட்டேன். சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து 2020 செப்டம்பரில் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது அப்பா குளிக்க ஒரு வாளி தண்ணீருக்கு நாங்கள் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஆற்றுக்குப் பக்கத்திலேயே வீடு, குழாயில் சொட்டு இல்லை. கூரைத் தொட்டி போக, தரையில் ஒன்று.

கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்குத் தாக்கல் செய்யவேண்டிய தாள்கள் தயாராகின்றன. போன ஞாயிறு மறுபடியும் கயிறு கட்டினோம். அம்மா அடுப்பின் முன்னால் நின்று கேட்டைப் பார்த்தார். தம்பியை அங்கே போய் நிற்கச் சொன்னார். "தெரியுது, வா" என்றார்.

ஏழாவது பிளானில் மாறியது அப்பாவின் ஜன்னல். எல்லா அறையிலும் ஜன்னலின் அடி விளிம்பு மூன்று அடி உயரத்தில் என்று வரைந்திருந்தது. அப்பா இப்போது பாதி நாள் படுக்கையில்தான். படுத்தபடி பார்த்தால் மூன்று அடிக்கு மேலே வானம் மட்டும்தான் தெரியும். அண்ணன் வீட்டில் கட்டிலில் அப்பாவைத் தலையணையோடு படுக்க வைத்து, தரையிலிருந்து கண் வரைக்கும் நாடாவால் அளந்தோம். 2 அடி 4 அங்குலம். அந்த ஒரு ஜன்னலை மட்டும் 1 அடி 10 அங்குலத்துக்கு இறக்கச் சொல்லியிருக்கிறோம். கிரில் கம்பிகள் நெடுக்காகவா குறுக்காகவா என்று வரைவாளர் கேட்டார். அப்பாவிடம் கேட்டோம். யோசித்துவிட்டு, "நெடுக்க... போடு. சடக்குல போற மோட்டாரு... தெரியணும்" என்றார்.